வெள்ளை மேட்டில் பத்துக் கண்கள்

என் மகன் கேட்டது சின்ன விஷயம்தான். "அப்பா, பசங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. கண்ணு தொறந்திருக்கணும்." அவன் இருட்டில் கிளம்பும் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவன். சரி என்று பேரன்களை வாசல் வெயிலில் நிறுத்தி எடுத்தேன். பதினெட்டுப் படங்கள். படத்துக்கு நான்கு கண் வீதம் எழுபத்திரண்டு. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். முழுதாகத் திறந்தவை ஒன்பது. அந்த ஒன்பதில் நான்குகூட ஒரே படத்தில் சேரவில்லை. இந்தக் கவலையில் காலைக் காப்பி ஆறிப்போயிற்று.

"விடுங்க மாமா, நிழல்ல நிக்கவச்சு எடுத்தா போச்சு" என்றாள் மருமகள்.

நிழல் என்று ஒன்று இருப்பது என் தாய்மாமாவுக்கு அன்றைக்குத் தோன்றியிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

என் தாய்மாமா நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் மணி அடிக்கும் வேலையில் இருந்தார். ஆட்களைக் கீழே இறக்கும் இரும்புக் கூண்டை கேஜ் என்போம். ஷாஃப்ட் என்கிற அந்தச் செங்குத்துக் குழியின் வாயில் நின்று இவர் மணி அடித்தால்தான் கேஜ் நகரும். இவர் மணி அடித்தால்தான் நிற்கும். எவ்வளவு பெரிய மேஸ்திரியும் கேஜுக்குள் ஏறிவிட்டால் மாமாவின் மணிக்கு அடங்கியவர்தான். அதனால் உலகத்தில் எந்தக் காரியத்தையும் ஒழுங்காக மணி அடித்தால் நடத்திவிடலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

அப்பாவுக்கும் அதே சுரங்கம். அடியில் ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எனக்கு எட்டு வயதான அந்த வருஷம் முழுக்க அவருக்கு இரண்டாம் ஷிப்ட். நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது போவார், நாங்கள் தூங்கிய பிறகு வருவார். காலையில் நாங்கள் புறப்படும்போது போர்வைக்குள் இருப்பார். ஒரு தம்ளர் உருண்டால்கூட அம்மா பார்க்கிற பார்வையில் நாங்கள் நுனிக்காலில் வாசலுக்குப் போய்விடுவோம். பம்ப்புக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ஆகவே அப்பாவுக்கும் கிடையாது. என்றைக்காவது வாய்க்கும் ஓய்வு நாளில் பாதியைத் தூங்கியே கழித்துவிடுவார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் மாமா ஷிப்ட் முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பிஸ்கட் டப்பா மாதிரி கறுப்பாக ஒரு பெட்டி. பக்கத்துப் பாலகாட் சுரங்கத்தில் இருந்த ஒரு சிநேகிதரிடம் இரவல் வாங்கிய கேமரா.

"மாமா கேஜ்ல ஏறச் சொல்லோ சொல்லிட்டுப் போனாருக்கா" என்றார் அம்மாவிடம். அவர் மாமா என்றது எங்கள் அப்பாவை. "பசங்கள ஒரு படம் புடிச்சு வை மச்சான், கண்ணு முழிச்சினு இருக்கற மாதிரி புடின்னாரு. உள்ள இன்னும் ரெண்டே படம்தான் கீது. சீக்கிரம் மூஞ்சி கழுவி அனுப்பு."

கண் முழித்திருக்கிற மாதிரி என்று ஒரு நிபந்தனை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. தூங்குகிறவர்களை யாராவது படம் எடுப்பார்களா? ஆனால் எட்டு வயதில் பவுடர் பூசிக்கொண்டிருக்கும்போது ஆராய்ச்சி செய்ய நேரம் இருக்காது.

அக்கா, நான், இரண்டு தம்பிகள், அக்காவின் இடுப்பில் தங்கை. மொத்தம் ஐந்து பேர், பத்துக் கண்கள். மாமா எங்களை அழைத்துக்கொண்டு போய் நிறுத்திய இடம் சயனைடு மேட்டின் அடிவாரம். பொன்னைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், மலை மாதிரிக் குவிந்து வெளுத்துக் கிடக்கும். ஸ்டூடியோவில் பின்னால் வெள்ளைத் திரை கட்டியிருப்பதை மாமா பார்த்திருக்கிறார். கம்பெனி இவ்வளவு பெரிய திரையை இலவசமாகக் கட்டி வைத்திருக்கும்போது ஸ்டூடியோவுக்கு ஏன் போவது என்பது அவர் வாதம். வெயில் எங்கள் முகத்தில் நேராக விழவேண்டும் என்று கேமராவைக் கொடுத்த சிநேகிதர் சொல்லி அனுப்பியிருந்தார். விழுந்தது. மேலேயிருந்து ஒரு வெயில், காலடி வெள்ளை மண்ணிலிருந்து இன்னொரு வெயில். ஐந்து பேரும் புளியங்காயைக் கடித்த முகத்தோடு நின்றோம்.

"கண்ணைத் தொறங்கடா."

திறந்தோம். தண்ணீர் கொட்டியது. நான் திறந்தபோது பெரிய தம்பி மூடினான். அவன் திறந்தபோது அக்கா மூடினாள். தங்கை கண்ணை மூடி வாயைத் திறந்து அழுதாள். அந்தக் கேமராவை வயிற்றோடு பிடித்து, தலையைக் குனிந்து, மேலே உள்ள சின்னக் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். அந்த வெயிலில் கண்ணாடியில் வெயில் மட்டும்தான் தெரிந்தது. மாமா ஒரு கையால் அதற்கு மறைப்புப் பிடிக்கப்போய், இன்னொரு கை விரல் பட்டு, 'டக்' என்று முதல் படம் போய்விட்டது.

"இன்னாடா இது" என்று கேமராவைத் திட்டினார். இனி ஒன்றுதான் மிச்சம். அது கெட்டால் இரவல் பெட்டியை எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது, அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் நெற்றி வியர்வையிலேயே எழுதியிருந்தது.

அப்போதுதான் பக்கத்துக் கிராமமான பூதிகோட்டையின் பால்காரர் காலி கேன்களோடு சைக்கிளில் வந்தார். ஐந்து குழந்தைகளை மண்மேட்டில் நிற்கவைத்து ஒருவர் பெட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு குனிந்திருப்பதைப் பார்த்து இறங்கிவிட்டார்.

"இன்னாண்ணா, பசங்களுக்கு தண்டனையா?"

"போட்டோங்க."

"இந்த வெயில்ல எரும மாடுகூட நிக்காது. கொழந்தைங்கள நிக்க வச்சிருக்கீங்களே."

மாமாவின் கண் சைக்கிள் மணியின் மேல் இருந்தது. திட்டம் பிறந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஓய்வாக நிற்க வேண்டியது. மணி அடித்ததும் ஒரே சமயத்தில் திறக்க வேண்டியது. வெயில் கண்ணைக் குத்துவதற்குள் அவர் அமுக்கிவிடுவார். அவருக்கு இரண்டு கையும் கேமராவுக்கு வேண்டியிருந்ததால் பால்காரர் அடிப்பார்.

"ஒரே ஒரு தடவை அடிங்க" என்றார் மாமா.

"ஒண்ணு போதுமா? நாலு அடிச்சா பசங்களுக்கு நல்லா கேக்குமே."

"மணி சமாச்சாரத்த எனக்கே சொல்லித் தர்றீங்களா? நூறு பேர தெனம் ஏத்தி எறக்கறவன் நானு. ஒண்ணு."

பால்காரர் தலையை ஆட்டிவிட்டு எங்கள் ஓரத்தில் சைக்கிளை நிறுத்திக்கொண்டார்.

இங்கே எங்கள் தெருவின் விளையாட்டைச் சொல்லியாக வேண்டும். தரையில் ஒரு கட்டம் கிழித்து, அதற்குள் நெருக்கியடித்து நிற்பதுதான் கேஜ் ஆட்டம். இரண்டு மணி என்றால் குந்திக்கொண்டே இறங்க வேண்டும். ஒரு மணி என்றால் நிற்க வேண்டும். அசைந்தவன் ஷாஃப்டில் விழுந்தவன், ஆட்டத்திலிருந்து வெளியே. இந்த விதிகளை எங்களுக்குக் கற்றுத்தந்தவர் மாமாவேதான். விளையாட்டாக இருந்தாலும் மணி மணிதான் என்பார். ஒரு மணி அடித்தால் கண் இமைகூட ஆடக்கூடாது, ஆடினால் கீழே ஆள் செத்தான் என்று அர்த்தம் என்று சொல்லி, சிரித்த பெரிய தம்பியின் மண்டையில் ஒரு குட்டும் வைத்திருக்கிறார்.

கண்ணை மூடி நின்றோம். 'ட்ரிங்' என்றது.

திறக்கச் சொல்லியிருந்தார் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் சொன்னது காதுக்குப் போயிருந்தது. மணி உடம்புக்குள் போய்விட்டது. கழுத்து விறைத்தது, மூச்சு நின்றது. நான் ஷாஃப்டில் விழுவதாக இல்லை. பக்கத்தில் அக்காவும் கல்லாகிவிட்டது தோளில் தெரிந்தது. மாமா குனிந்தபடி, ஒன்றும் தெரியாத கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, திருப்தியாக அமுக்கினார்.

"சூப்பரா வந்துச்சு" என்றார். பால்காரருக்கு நன்றி சொன்னார். பால்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

படம் கழுவி வந்தது அப்பாவின் ஓய்வு நாளில். மாமா முகத்தைப் பார்த்ததுமே அம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். முதல் படத்தில் கேமராவைப் பிடித்த மாமாவின் விரல்தான் பெரிதாக இருந்தது. இரண்டாவது படத்தைக் கொடுக்கும்போது ஸ்டூடியோக்காரர், "என்னங்க, கூட்டுப் பிரார்த்தனையா?" என்று கேட்டாராம்.

பத்துக் கண்ணும் மூடியிருந்தன. நான் இரண்டு முறை எண்ணினேன். ஓரத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற பால்காரர் மட்டும் இரண்டு கண்ணையும் அகலத் திறந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பூதிகோட்டையில் சுரங்கம் கிடையாது. அவருக்கு மணி என்றால் பால் வந்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம்.

"மணி அடிச்சா தொறக்கச் சொன்னேனே" என்று மாமா எங்கள் மேல் பாய்ந்தார்.

"நீங்கதான மாமா, ஒரு மணின்னா இமைகூட ஆடக்கூடாதுன்னீங்க" என்றாள் அக்கா.

அப்பா படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் சிரிக்காமலும் பார்த்தார்.

"இந்த மூஞ்சிங்கள நான்தான் தெனம் பாக்கறேனே மச்சான்" என்றார். "நான் பாக்காதத எடுத்துனு வரச் சொன்னா, நீ பாத்ததையே எடுத்துனு வந்துகீற."

அப்பா எங்களைத் தினம் பார்க்கிறார் என்பது எனக்குச் செய்தியாக இருந்தது. எப்போது என்று கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை. மறுநாள் அவர் அந்தப் படத்தைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கீழே கொண்டுபோய்விட்டார். பம்ப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருப்பதாகப் பிற்பாடு மாமா சொன்னார். அந்த ஆழத்தில் எங்கள் அப்பாவுக்குக் கண் விழித்துத் துணையாக இருந்தவர் பூதிகோட்டைப் பால்காரர்தான்.

எப்போது என்பது சில இரவுகள் தூங்காமல் கிடந்தபோதுதான் தெரிந்தது. அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் சிம்னி விளக்கைத் தூக்கிப் பிடித்து, வரிசையாகப் படுத்திருக்கும் எங்களைப் பார்ப்பார். பல நாள் நான் விழித்துத்தான் இருப்பேன். அந்நேரத்துக்கு முழித்திருந்தால் அம்மாவிடம் திட்டு விழும். ஆகவே வெளிச்சம் முகத்தில் பட்டதும் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொள்வேன். மற்றவர்களைவிட என்னிடம் விளக்கு சற்று அதிகம் நிற்பதாகத் தோன்றும். பிறகு நகர்ந்துவிடும். தூங்குவதாக அவரை நம்பவைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.