சிவப்புப் பென்சிலும் பச்சைப் பென்சிலும்

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்தால் கால் துறுதுறு என்று இருக்கும். அப்படிப்பட்டவளைப் பிடித்து, நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக் கேசட் கேட்கச் சொன்னால் எப்படி இருக்கும்? இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, எம்.ஃபில். ஆய்வுக்காக வேங்கிக்காலில் ஒரு ஆலோசனை மையத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஆணை விரும்பும் ஆண்களும் பெண்ணை விரும்பும் பெண்களும் தங்களைப் பற்றி என்னென்ன சொற்களில் பேசுகிறார்கள் என்பதுதான் ஆய்வு. அவர்கள் ஆலோசகரிடம் பேசுவதைச் சம்மதத்தோடு பதிவு செய்து, கேட்டுத் தாளில் எழுத வேண்டும். பயம், வெட்கம் தெரிகிற சொல்லுக்குச் சிவப்புப் பென்சிலால் கோடு, சந்தோஷத்துக்குப் பச்சை. நானும் அந்த வகைதான். வேலூரில் எனக்கு ஒருத்தி இருந்தாள். ஈ காக்காய்க்குக்கூட அது தெரியாது.

அந்த மாசம் என் தூக்கத்தைக் கெடுத்தவர் ஒரு கீழ்பென்னாத்தூர்க்காரர். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பயிர் வைக்கிற குடும்பம், முப்பது வயசு. வேன் ஓட்டும் ஒருவரை விரும்பினார். கல்யாணமே வேண்டாம் என்று வீட்டில் சொன்னதும், பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்று அம்மா பயந்துவிட்டார். அவன் சரியாகணும் என்று வேண்டிக்கொண்டு பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வந்தார். இதில் கூத்து என்னவென்றால், அந்தம்மாவை அழைத்துவந்து, தண்ணி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு துணைக்கு நடந்தவர் அந்த வேன்காரரேதான்! அந்தம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. "அவன் இல்லன்னா என்னால சுத்தவே முடியாதும்மா" என்பார் என்னிடம்.

வெள்ளிக்கிழமை அம்மாவும் பிள்ளையும் வருவதாக இருந்தது. ஆலோசகர் மேடம் "சரியாயிடும்"னு ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமை பொண்ணு பார்த்து உறுதி பண்ணிவிடுவார்கள்.

வந்தவர் பேச்சுக்கு மட்டும்தான் கோடு போட வேண்டும், ஆலோசகர் பேச்சை விட்டுவிட வேண்டும் என்பது முறை. என் கை சும்மா இருக்குமா? மேடம் பேச்சுக்கும் போட்டேன். போட்டுப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. முதலில் கீழ்பென்னாத்தூர்க்காரர் பேச்சில் "பிரச்சனை" என்ற சொல்லே இல்லை. "எப்பலேர்ந்து இந்தப் பிரச்சனை?" என்று மேடம்தான் கேட்கிறார். அதற்கப்புறம் அவரும் என் பிரச்சனை, என் பிரச்சனை என்றே பேசுகிறார். தாளெல்லாம் சிவப்பு. வேன்காரர் பேச்சு வரும்போது மட்டும் பச்சை: டீயில் சர்க்கரை ஜாஸ்தி கேட்பாராம், மழையில் நனைந்தால் தலை துவட்ட மாட்டாராம். சரியாக அந்த இடத்தில் மேடம் பேச்சை மாற்றிவிடுகிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

நேரே போய்த் தாள்களை அவர் மேஜையில் போட்டேன்.

"என் பேச்சுக்கும் கோடு போட்டியா? யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல மேடம். படிங்க."

படித்தார். "போய் வேலையப் பாரு" என்றார், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அன்றைக்கு அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, பிள்ளையை மட்டும் மேடம் கூப்பிட்டார். நான் வழக்கம்போல ஓரமாக டேப்ரெக்கார்டரோடு. மேடம் பேனாவைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"அவரு எப்டி இருக்காரு?"

"யாரு மேடம்?"

"வேன் ஓட்டறவரு."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். பிறகு, "வெளியிலதான் நிக்கறாரு மேடம். வெறுங்கால்ல சுத்தி ரெண்டு கால்லயும் கொப்புளம். எனக்குக் கல்யாணம் ஆகணும்னு எங்கம்மா சுத்தறாங்க. எங்கம்மா எங்கயும் விழுந்துடக் கூடாதுனு இவரு சுத்தறாரு" என்று சொல்லி அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம நான் போகல மேடம். அம்மாகிட்ட நானே சொல்லிடறேன்" என்றார்.

"சொல்லுங்க. நானும் கூட இருக்கேன்" என்றார் மேடம்.

அம்மாவைக் கூப்பிடப் பிள்ளை எழுந்து போனார். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த எனக்குக் கை வரவில்லை. "அவ எப்டி இருக்கா?" என்று என்னை இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கேட்டதில்லையே என்று நினைத்து, துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"உனக்கு என்னம்மா ஆச்சு?" என்றார் மேடம்.

ஒண்ணுமில்ல என்று வாய் வரைக்கும் வந்தது.

"வேலூர்ல எனக்கு ஒருத்தி இருக்கா மேடம்" என்றேன். "நல்லா இருக்கா."