மாமா கழுத்தில் புலி நகம்

என் காதுகுத்துக்கு வைத்த ஃப்ளெக்ஸில் என் முகம் தபால் தலை அளவுக்குத்தான் இருந்தது. மீதி இடத்தையெல்லாம் மாமா எடுத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் கைகளைக் கட்டிக்கொண்டு, எழுமலை மண்டபத்து வாசலில், மண்டபத்தைவிட உயரமாக நின்றார். 'எழுமலையின் எழுச்சியே, வருக!' என்று தலைக்கு மேலே எழுத்து. லோடு வேன் ஓட்டுகிற மாமா அந்த ஊரில் எதை எழுப்பினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஏழு வயதில் எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். அந்த மடிக்கு இவ்வளவு பெரிய படம் என்றால் சும்மாவா?

அம்மாவின் கவலை வேறு. மாமாவுக்கு முப்பது தாண்டிவிட்டது, பெண் அமையவில்லை. வருகிற இடமெல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்லி நழுவிக்கொண்டே இருந்தது. அன்று பழங்காநத்தத்திலிருந்து ஒரு பெண்ணின் அப்பா, விசேஷத்துக்கு வருகிற சாக்கில் மாமாவைப் பார்க்க வருவதாக இருந்தார். இதுவும் தட்டிப்போனால் தம்பி தனியாகவே நின்றுவிடுவான் என்று அம்மா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்காகத்தான் மாமாவின் கூட்டாளி சிம்மக்கல்லில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையைப் பிடித்து, பக்கத்தில் இருந்து டிசைன் போட வைத்திருந்தார். மாமா கழுத்தில் தாம்புக்கயிறு போல ஒரு தங்கச் சங்கிலி, கையில் காப்பு, சங்கிலியின் நுனியில் தங்கப்பூண் போட்ட புலி நகம். எல்லாம் கம்ப்யூட்டர் போட்ட நகை. நிஜ மாமாவின் கழுத்தில் கோயிலில் கட்டிய கறுப்புக் கயிறுதான் கிடந்தது.

ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்த அப்பாதான் முதலில் கேட்டார்.

"ஆமா, பொண்ணோட அப்பா ஃபாரஸ்ட்லதான வேல பாக்குறாரு?"

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. புலி நகம் வைத்திருந்தால் ஜெயில் என்று பந்திக்கு வந்தவர்கள் ஆளாளுக்குச் சட்டம் பேச ஆரம்பித்தார்கள். கூட்டாளி மட்டும் அசரவில்லை. "விடு மாப்ள, மேல ஒரு ரோசாப்பூ மாலையத் தொங்கவிட்டா நகம் மறைஞ்சிரும்" என்றார்.

"உசுரோட இருக்கவன் படத்துக்கு மால போடுவியா நீ?" என்று அம்மா போட்ட சத்தத்தில் மேளக்காரரே ஒரு நொடி நிறுத்திவிட்டார். அதற்குள் ஆட்டோ வந்து நின்றது.

இறங்கியவர் ஒல்லியான மனிதர். அவர் மனைவி பின்னால் தயங்கித் தயங்கி வந்தார். வாங்க வாங்க என்று எல்லாரும் கூப்பிட்டும் பெண்ணின் அப்பா உள்ளே வரவில்லை. ஃப்ளெக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா என்னை இடுப்பில் தூக்கி வைத்திருந்தார்.

"தம்பி, அந்த நகம் ஏது?"

பாட்டன் காலத்துச் சொத்து என்று கூட்டாளி ஏதோ ஆரம்பித்தார். மாமா அவரைக் கையமர்த்தினார்.

"அது நகமே இல்லங்கய்யா. கம்ப்யூட்டர்ல ஒட்டுனது."

"சங்கிலி?"

"அதுவும் ஒட்டுனதுதான்."

"கையில காப்பு?"

"அதுவுந்தான்யா. சட்ட மட்டும் என்னோடது."

அவர் சிரித்தார். சாதாரணச் சிரிப்பில்லை, கண்ணில் தண்ணீர் வந்து துண்டால் துடைத்துக்கொள்கிற சிரிப்பு. மனைவியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு மாமாவின் தோளில் கை போட்டு அவரே உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அம்மா சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். அன்று பந்தியில் முதலில் உட்கார்ந்து சாப்பிட்டதும் அவள்தான்.

எனக்கோ ஆத்திரம். அத்தனை பேர் நடுவில் என் மாமாவைக் கேலி செய்துவிட்டாரே என்று, ஆசாரி ஊசியை எடுப்பதற்கு முன்பே ஓவென்று அழுதேன். காது வலிக்குமென்று பயந்து அழுவதாக நினைத்து எல்லாரும் வாயில் சர்க்கரையைத் திணித்தார்கள். அடுத்த மாதமே பரிசம் போட்டார்கள். கேலி செய்தவர் ஏன் பெண் கொடுக்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.

வெகுநாள் கழித்து, மாமாவைக் கட்டிக்கொண்டு வந்த அத்தைதான் சொன்னார். ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் அவர் அப்பா, "இம்புட்டு நக போட்டுருக்க வீட்டுக்கு நம்மளால செஞ்சு மாளாது, திரும்பிருவோம்" என்று ஆட்டோவிலேயே சொல்லிவிட்டாராம். ஆனால் புலி நகத்தைப் பார்த்த மாத்திரத்தில் போலி என்று காட்டில் வேலை பார்க்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது; அப்படியென்றால் சங்கிலியும் போலியாக இருக்கலாம் என்றுதான் இறங்கியிருக்கிறார். சங்கிலியைப் பற்றி நேராகக் கேட்க வாய் வராமல்தான் நகத்தில் ஆரம்பித்திருக்கிறார். நாங்கள் அத்தனை பேரும் அவருக்குப் பயந்து நின்ற அந்த வாசலில், எங்கள் எல்லாரையும்விடப் பயந்து நின்றவர் அவர்தான்.