மேலே குத்திய சான்றிதழ்

என் மகள் சுஜாவுக்குக் குரல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். காப்பி வேண்டுமா என்று அடுக்களையிலிருந்து கேட்டேன். பதில் இல்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு வாய் திறக்கச் சோம்பல் என்று நினைத்து இன்னும் உரக்கக் கத்தினேன். அவள் வாசலில் வந்து நின்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். உதடு அசைந்தது, காற்று வந்தது, குரல் வரவில்லை.

நான் கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. தொண்டை கட்டினால் என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சுக்கு, மிளகு, உப்புத் தண்ணீர் என்று இரண்டு நாள் கடத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

அதற்கு முந்தைய வாரம் அவள் கல்லூரியில் ஒரு அடிதடி நடந்திருந்தது. காரோடு ஊரிலிருந்து வரும் வில்சன் என்ற முதலாண்டுப் பையனை மூன்று சீனியர் மாணவர்கள் ஆய்வகத்தின் பின்புறம் வைத்து அடித்தார்கள். அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். மீன் நாற்றம் என்றும் ‘பாண்டி’ (தமிழரை இழிவாகச் சொல்லும் சொல்) என்றும் மாதக்கணக்கில் கேலி. அன்று அவன் திருப்பி ஒரு வார்த்தை பேசிவிட்டான். அடியில் வலது செவிப்பறை (காதுக்குள் ஒலியை வாங்கும் மெல்லிய சவ்வு) கிழிந்துவிட்டது. ஆய்வகப் படியில் நின்ற நாலைந்து பேர் பார்த்தார்கள். பார்த்தேன் என்று பெயர் கொடுத்தவள் சுஜா மட்டும். வருகிற திங்கட்கிழமை கல்லூரி விசாரணைக் குழு முன் அவள் பேச வேண்டும். வில்சனுக்கு வேறு சாட்சி கிடையாது.

நெய்யாற்றின்கரையில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். அவர் சிறு கண்ணாடியை அவள் வாய்க்குள் விட்டுக் குரல் நாண்களைப் (அதிர்ந்து ஒலி எழுப்பும் இரண்டு மடிப்புகள்) பார்த்தார். பிறகு இருமச் சொன்னார். இருமினாள். அறை முழுக்கக் கேட்டது.

“இருமலுக்குச் சத்தம் உண்டு டீச்சரே, பேச்சுக்கு இல்லை” என்றார். “நாண் ரெண்டும் நல்லா உண்டு. பிள்ளை நடிக்குதுன்னு மட்டும் நினைக்காண்டாம்.”

செயல்பாட்டுக் குரலிழப்பு (உறுப்பில் கேடில்லாமல் அதிர்ச்சியாலோ பயத்தாலோ குரல் நின்றுபோவது) என்று விளக்கினார். ஒரு மனநல ஆலோசகரையும் பார்க்கச் சொன்னார். நான் சான்றிதழ் கேட்டேன். “எழுதித் தாறேன். கேட்டா மட்டும் குடுங்க” என்றார். மன அதிர்ச்சியால் குரலிழப்பு, மனநல ஆலோசனை தேவை என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வாய்தானே பேசாது, கை எழுதும் அல்லவா? சுஜா கோடு போட்ட தாளில் நான்கு பக்கம் எழுதினாள். யார் பிடித்தது, யார் அடித்தது, எந்தக் கையால் என்பது வரை எழுதியிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இருபத்திரண்டு வருட வேலையில் சான்றிதழ் வைக்காமல் நான் ஒரு விண்ணப்பமும் கொடுத்ததில்லை. குண்டூசியை எடுத்து, சான்றிதழை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் குத்தினேன். பிள்ளை பேசாததற்குக் காரணம் முதலில் தெரியட்டும் என்பது டீச்சர் புத்தி.

திங்கட்கிழமை விசாரணைக் குழுத் தலைவர் மேல்தாளைப் படித்தார். பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினார். அவரும் மேல்தாளைப் படித்தார். யாரும் பக்கத்தைப் புரட்டவில்லை. “பிள்ளைக்கு நல்லா ரெஸ்ட் குடுங்க டீச்சரே” என்றார் தலைவர், அன்பாகவே. நான் ஒரு மடச்சி, அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. சாட்சி மனநலச் சிகிச்சையில் இருப்பதால் அவர் வாக்குமூலத்தை ஏற்க இயலாது. அடித்த மூன்று பேரும் வகுப்புக்குத் திரும்பினார்கள். நான் மூன்று முறை மனு கொண்டுபோய் அலுவலக வராந்தாவில் நின்றேன். “அது முடிஞ்ச காரியமாக்கும்” என்றார் கிளார்க். வில்சன் படிப்பை விட்டுவிட்டான்.

சிகிச்சை எளிமையானது, சலிப்பூட்டுவது. இருமு, இருமல் அடங்குமுன் அதோடு சேர்த்து ‘ம்’ என்று இழு என்பார் குரல் பயிற்சி தருபவர். தினமும் காலையும் மாலையும் எங்கள் வீட்டில் இருமல் சத்தம். ஏழாவது வாரம் அந்த ‘ம்’ நீண்டு ‘ம்மா’ ஆனது. நான் அழுதேன். மறுநாள் முழு வாக்கியம் பேசினாள்.

“கேட்டா மட்டும் குடுங்கன்னு டாக்டர் சொன்னாருல்லா. நீ எதுக்கும்மா அத மேல குத்தினே?”

தனுவச்சபுரம் பேருந்தில் ஒருவன் அவள் காதோரம் குனிந்து, நாக்கு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டதை அன்றுதான் சொன்னாள். குரல் போவதற்கு முந்தைய நாள் மாலை நடந்தது அது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அவள் பிடிவாதமாகச் சொன்னதால் காரோட்டுக்குப் போனோம். வில்சன் எங்களைக் கண்டதும் எழுந்து தன் இடது பக்கமாக நாற்காலியைப் போட்டான். “இந்தப் பக்கம் இருங்க அக்கா, இதுலதான் கேக்கும்.” சுஜா அந்த நான்கு பக்கத்தையும் கரகரத்த குரலில் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மகன் வீட்டில் இத்தனையும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது.

“எனக்கு அறியாம் அக்கா, எல்லாம் தெரிஞ்சதுதான்” என்றான் வில்சன். “நானாக்கும் அங்க கெடந்தேன். இத அந்தக் குழுவில இருந்தவங்கல்லா கேட்டிருக்கணும்.”

உங்கள் வீட்டிலும் பார்த்ததைச் சொல்ல முடியாமல் ஒரு பிள்ளை இருக்கலாம். அது நடிக்கவில்லை. குரல் பெரும்பாலும் திரும்பி வரும். மருத்துவர் தந்த காகிதம் பெட்டியிலேயே இருக்கட்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இதுவும் காலம் கடந்து தெரிந்தது.

சுஜா இப்போது நன்றாகப் பேசுகிறாள். ஆனால் அவள் இருமினால் என் கைவேலை நின்றுவிடும். இருமல் அடங்கி அவள் பேச்சைத் தொடரும்வரை எனக்கு அது இன்னும் அந்த விசாரணைத் திங்கட்கிழமைதான். அந்த இடைவெளியில் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் குண்டூசியை உருவி, அந்தச் சான்றிதழை எடுத்து அடியில் வைக்கிறேன்.