தீனாவுக்குத் தரவேண்டிய பாடு

யாருக்காவது எதையாவது கடனாகக் கொடுக்கும்போது என் நைனா சிங்காரம் ஏரிப் பக்கம் திரும்பிக்கொள்வார். வாங்குகிறவர் முகத்தைப் பார்க்கமாட்டார். அரிசியானாலும் வலையானாலும் அப்படித்தான். அவர் மட்டும் யாரிடமும் எதையும் வாங்கியதில்லை.

எங்கள் குப்பத்து ஜெபக்கூடத்தில் ஒரு வாரம், கடன் கேட்டு வருபவனைத் திருப்பி அனுப்பாதே, திரும்ப வருமென்று எதிர்பார்க்காதே என்பார்கள். இன்னொரு வாரம், யாருக்கும் எதிலும் கடன்படாதே என்பார்கள்.

"எல்லாரும் ரெண்டாவதக் கேட்டு நடந்தா, மொதல்ல சொன்னத யாருக்கு செய்றது நைனா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டாவது வாங்குறவனுக்கு, மொதல்ல சொன்னது குடுக்கிறவனுக்கு. நான் குடுக்கிறவன். போய் படி."

அந்தப் பதிலில் கொஞ்சம் கர்வம் இருந்ததாக இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் கொடுத்ததைப் பற்றியல்ல, யாருக்குக் கொடுத்தார் என்பதைப் பற்றித்தான் எனக்கு எரிச்சல்.

ஏரியில் இறால் ஓடும் இடங்களை ஊரார் முறை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். முறை வந்த நாளில் அந்த வீட்டு ஆணோ, அவர் விட்டுக்கொடுத்த இன்னொரு ஆணோ மட்டுமே அங்கே வலை போடலாம். அதைப் பாடு என்போம். நைனா தன் பாட்டை அடிக்கடி பக்கத்து வீட்டுத் தீனாவுக்கு விட்டுக்கொடுப்பார். தகப்பன் இல்லாத பையன் என்பார். படகில் அவனோடு சிரித்துக்கொண்டு போவார். எனக்கு மகளென்ற பெயரும் கல்லூரிச் சான்றிதழும் மட்டும்தான் கிடைத்தன. என்னோடு நைனா அப்படிச் சிரித்ததே இல்லை.

என் பி.எட். கடைசிக் கட்டணத்துக்கு நாள் நெருங்கியபோது நைனாவின் முறை வர வெகுநாள் இருந்தது. அவர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடனாக, தீனாவின் பாட்டை வாங்கி வலை போட்டார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். "என் மொற வந்ததும் அவனுக்கு குட்த்துடுவேன்" என்றார்.

முறை வருவதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டார். வீட்டில் ஆண் இல்லை. ஊரார் பாட்டு முறையிலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள்.

முதல் சம்பளத்தோடு தீனாவிடம் போனேன். வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். பணத்தை நீட்டினேன்.

"இன்னாக்கா இது?"

"நைனா உங்கிட்ட வாங்குன பாடு."

"பாட்ட காசு குட்த்து அடைப்பாங்களா? பாட்டுக்குப் பாடுதான்."

"எங்க வீட்டுக்குத்தான் பாடே இல்லியே."

"அப்ப வுடு. பெரிப்பா எனக்கு எவ்ளோ குட்த்தாரு! திருப்பிக் கேட்டாரா?"

"யாருக்கும் கடன்படாதேன்னும்தானே ஜெபக்கூடத்துல படிச்சாங்க?"

"அது உனுக்கு. எனுக்கு, திருப்பிக் கேக்காம குடுன்னு."

அடுப்படியிலிருந்து அவன் அம்மா வெண்ணிலா குரல் கொடுத்தாள். "இன்னாமே, டீச்சராயிட்டா ஒருத்தருக்கும் கடன் வெச்சிக்கக் கூடாதா? அம்மாந்தூரம் வந்துட்டியா?"

தீனா சிரித்தான். நைனாவோடு படகில் போகும்போது சிரித்த அதே சிரிப்பு. அந்தப் பணத்தை அவன் முகத்தில் எறிய வேண்டும் போலிருந்தது. கொடுக்கிறவன் என்ற இடம் நைனாவுக்குப் பிறகு எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அதிலும் இவனே உட்கார்ந்துவிட்டான். எங்கள் கடனை மன்னிக்கிற உரிமைகூட அவனிடம். அவனிடம் நான் மன்னிக்க ஒன்றுமே இல்லை.

அவன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அன்று அவனுடைய பாடு.

பணத்தைப் பைக்குள் வைத்தேன். நைனா வாங்கிய அந்த ஒரு நாள் இன்னும் தரப்படவில்லை. தருவதற்கு எங்களிடம் நாளும் இல்லை.