வெறும் தண்ணீர் எலிகள்

வேலூரில் நான் ஆய்வு செய்த கூடத்தில் எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். பேரணாம்பட்டு பஸ்ஸில் வருவார். ஒல்லி. நிற்கும்போதெல்லாம் ஒரு கை வயிற்றை அழுத்திக்கொண்டிருக்கும். அல்சர்.

பட்டினி போட்ட எலிகளில் பாதிக்கு அமிலம் குறைக்கும் மருந்து, மீதிக்கு வெறும் தண்ணீர். பிறகு இரைப்பை நீரில் அமிலத்தையும் சோடியம், பொட்டாசியத்தையும் அளந்து ஒப்பிடுவேன். மூன்றாம் முறையும் இரு பக்கமும் அமிலம் குறைந்தே இருந்தது. ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு வாரம்தான் இருந்தது. மருந்தும் தண்ணீரும் வைப்பவர் அவர்தான் என்பதால் அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மருந்த மாத்திக் குடுத்துட்டீங்களா?"

"மாத்தல சார். வெறும் தண்ணி எலிங்களுக்கு என் மருந்துலேர்ந்து கொஞ்சம் கலந்து வெச்சேன். பட்டினில வயிறு எரியும் சார், எனக்குத் தெரியும். அதுங்களுக்கு மட்டும் மருந்து இல்லன்னா இன்னா நியாயம்?"

வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவருடைய மருந்து பாட்டிலைப் பிடுங்கிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் மாதம் முழுவதற்கும் கொடுத்தது, பாதி மாதத்திலேயே காலியாகியிருந்தது.

"அப்போ நீங்க என்ன குடிச்சீங்க?"

வயிற்றிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "வெறும் தண்ணிதான் சார்."