நாற்பதாவது வாசகி

எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கிறது என்று என் மனைவி பத்மஜா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பொய்யில்லை. அந்தக் கோபத்தில் நான் செய்யப் பார்த்த ஒரு காரியமும் இதில் வரும். ஆனால் எழுத உட்கார்ந்தது செண்பகவல்லியைப் பற்றி.

கேரளத் தலைநகரில், ஸ்ரீவராகத்தில் எங்கள் நூலகம் இரண்டே அறை. நான் பட்டாபி, அதன் செயலாளர். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து எட்டு மணிக்குப் பூட்டுவது என் வேலை. செண்பகவல்லி, வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு வீடு தேடிப் புத்தகம் கொண்டு போகும் நூலகர். அவளுடைய அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே மளிகைக் கடை வேலைக்கு வந்தவர். கணவர் காலமாகிவிட்டார், மகள் நாகர்கோவிலில். பதினெட்டு வருடமாக இரண்டு துணிப்பைகளைத் தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு மதியம் இரண்டு மணி வெயிலில் இறங்குவாள். அக்கிரகாரத் தெருக்கள், கிழக்கேகோட்டையை ஒட்டிய வாடகை வீடுகள், பழவங்காடிக் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் மாடி அறைகள் என்று நாற்பத்து மூன்று வாசகர்கள். இப்போது ஐம்பத்து நாலு வயது. இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல்கடை இறங்கிப் போயிருக்கிறது.

அவளிடம் ஒரு நீளமான நோட்டு உண்டு. ஆளுக்கு ஒரு பக்கம். என்ன புத்தகம் போனது, என்ன வந்தது என்பதோடு யாருக்கு எது ஆகும், எது ஆகாது என்பதும் அதில் இருக்கும். 'லலிதாம்பாள்: கொலை வேண்டும், ரத்தம் வேண்டாம்.' 'மைதீன் அண்ணாச்சி: எழுத்து பெரிதாக இருந்தால் போதும், விஷயம் எதுவானாலும் சரி.' அந்த நோட்டைப் பார்த்து நான் பல தடவை சிரித்திருக்கிறேன்.

இந்த வருடம் நோட்டு செல்லாது என்று மேல் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இனி எல்லாம் செல்போன் செயலியில். ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு போன் நம்பர் பதிய வேண்டும். புத்தகம் கொடுக்கும்போது அந்த நம்பருக்கு ஆறு இலக்க ஓடிபி போகும், புத்தகத்தின் பெயரோடு. வாசகர் அந்த ஆறு எண்ணைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் புத்தகம் கை மாறும்.

ஒருநாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"என்ன செண்பகம், கத்துண்டேளா?" என்றேன்.

"தலை சுத்துது சாரே. எல்லாம் விரல் கொண்டு தள்ளணும். நான் ஒண்ணைத் தள்ளினா மூணு போயிருது."

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டாள். மொத்தம் பதினான்கு படி. ஒரு கதைப் புத்தகம் கொடுக்கப் பதினான்கு படியா, சபரிமலைக்கே பதினெட்டுதானே என்று நான் கத்தினேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் படியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

மூன்றே நாளில் நாற்பத்து மூன்று பேரையும் சேர்த்துவிட்டேன் என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கமிட்டியில் அவளைப் பாராட்டிப் பேசினேன். மாதம் முடிந்ததும் மேல் அலுவலகத்திலிருந்து ஷீனா போன் செய்தாள். இந்தச் செயலியைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி.

"பட்டாபி சாரே, ஒராள் ஒரு மாசத்தில் நூற்றிப்பன்ரெண்டு புஸ்தகம் வாயிச்சோ?"

எங்கள் கணக்கில் வாசகர் ஒருவர்தானாம். பெயர் செண்பகவல்லி. பயிற்சி நாளில் பழகிப் பார்ப்பதற்காகத் தன் பெயரையும் நம்பரையும் பதிந்திருக்கிறாள். அப்புறம் நாற்பத்து மூன்று பேருக்கும் அதே நம்பரையே கொடுத்திருக்கிறாள். அந்தச் செயலிக்கு ஒரு நம்பர் என்றால் ஒரு ஆள். எல்லாப் புத்தகமும் அவள் தலையில் வந்து விழுந்துவிட்டது.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேள்?" என்று குதித்தேன்.

"பாதிப் பேர் கையில போனே இல்ல சாரே. மகன்கிட்ட இருக்கும், மாப்பிள்ளைகிட்ட இருக்கும். ஓடிபி என் போனுக்கே வந்தா அவங்களுக்குத் தொந்தரவு இல்லைல்லோன்னு நினைச்சேன்."

ஷீனா நல்லவள். ஒரு மாதம் அவகாசம் வாங்கிக் கொடுத்தாள். முப்பத்தொன்றாம் தேதி ஐந்து மணிக்குள் குறைந்தது நாற்பது வாசகர், தனித்தனி நம்பரோடு, அதுவும் அவரவர் குடும்பத்து நம்பரோடு, இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குக் கொண்டு போகும் திட்டம் எங்கள் நூலகத்துக்கு ரத்து. செண்பகவல்லியின் வேலையும் அதோடு போகும். புதிதாக ஆள் சேர்க்கவும் முடியாது, பழைய பெயர்களைத் திருத்த மட்டும்தான் அனுமதி. அவள் பெயர் எண்ணிக்கையில் சேராது, ஊழியர் அல்லவா.

மறுபடி இறங்கினாள். இந்தத் தடவை பையோடு காலண்டர் தாளும். லலிதாம்பாளுக்கு எண்பத்தொரு வயது, நம்பர் பெங்களூரில் இருக்கும் மகன் சுமந்தினுடையது. ஓடிபிக்காக அவனுக்குப் போன் போட்டால் அவன் மீட்டிங்கில் இருப்பான். செண்பகவல்லி வாசலில் அரைமணி நேரம் காத்திருப்பாள். கடைசியில் கூப்பிட்டு எண்ணைச் சொல்லிவிட்டு, "அம்மா, இந்த வயசுல உனக்குக் கொலைக் கதையா?" என்று பத்து நிமிஷம் கேலி பண்ணுவான். லலிதாம்பாள் வாரம் ஒரு புத்தகம் வாங்குகிறவள், மகன் குரலுக்காகவே வாரம் மூன்று கேட்க ஆரம்பித்தாள். அதற்கும் செண்பகவல்லிதான் மூன்று தடவை நடக்க வேண்டும்.

இப்படி வீடு வீடாக. ஒருவர் போன மாதம் தவறிப்போயிருந்தார். ஒருத்தி மகளோடு மார்த்தாண்டத்துக்குக் குடிபோய்விட்டாள். ஒரு மருமகன் நம்பர் தர முடியாது என்று முகத்துக்கு நேரே கேட்டைச் சாத்தினான். மீதி நாற்பது. முப்பத்தொன்றாம் தேதி நான் மதியமே நூலகத்தைத் திறந்து வைத்திருந்தேன். மூன்று மணிக்கு வந்து, பையை இறக்காமலே நின்றாள்.

"முப்பத்தொன்பது ஆச்சு சாரே. இவ்வளவுதான்."

"நாற்பது பேர் இருக்காளே. யார் பாக்கி?"

"முத்தாரம்மாள்."

பழவங்காடியில் ஒரு ஓட்டலில் பரோட்டா போடும் உச்சிமாகாளியின் மனைவி. வீட்டில் இருப்பது ஒரு போன், அது அவனிடம். அவன் நம்பரை வாங்கிப் போட வேண்டியதுதானே என்றேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பதினெட்டு வருடத்தில் ஒரு வாசகரின் கதையை அவள் எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை.

முத்தாரம்மாள் எட்டாவதோடு நின்றவள். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். பத்தாவது எழுத வேண்டும் என்று போன வருடம் வகுப்பில் சேர்ந்தாள். நீ படிச்சு என்னை மேய்க்கப் போறியா என்று கேட்டு உச்சிமாகாளி நிறுத்திவிட்டான், புத்தகங்களையும் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டான். இந்த வருடம் அவனுக்குத் தெரியாமல் பரீட்சைக்குப் பணம் கட்டியிருக்கிறாள். செண்பகவல்லி கொண்டு போகும் பாடநூல்கள் அரிசி டின்னுக்கு அடியில் இருக்கும். அவன் கடைக்குப் போனதும் வெளியே வரும், பிள்ளைகள் திரும்புவதற்குள் உள்ளே போய்விடும்.

"ஒவ்வொரு தடவையும் அவனைக் கூப்பிட்டு ஓடிபி கேக்கணும் சாரே. எந்தப் புஸ்தகம்னு அதுலயே எழுதியிருக்கு."

"மலையாளத்துல தானே வரது. அவனுக்கு வாசிக்கத் தெரியுமா என்ன?"

"கல்லாவுல இருக்கிறவர் வாசிச்சுக் கொடுப்பாரே."

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "ஒருத்திக்காக முப்பத்தொன்பது பேரைக் கைவிடறதா? உங்க பிழைப்பு என்ன ஆறது?"

"அவங்களுக்குக் கதைதான் போகும் சாரே. கொஞ்ச நாள் கஷ்டமா இருக்கும். இவளுக்குப் பரீட்சை போயிரும்." அதைச் சத்தம் போடாமல், களைத்துப் போய்ச் சொன்னாள். எனக்குக் காதில் ஏறவில்லை.

நானே வாங்கி வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உச்சிமாகாளி கல்லின் முன் நின்று மாவை வீசிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சாமி, இரிங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான், டீ சொன்னான். முரடனாக இருப்பான் என்று நினைத்துப் போயிருந்தேன். பணிவானவனாக இருந்தான். அதுதான் எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது.

"உன் போன் நம்பர் கொஞ்சம் வேணுமே" என்றேன்.

"அதுக்கென்ன சாமி. எதுக்கு?"

ஒரே ஒரு கேள்வி. முப்பத்து மூன்று வருடம் அரசாங்கக் கோப்புகளில் ஆயிரம் சாக்கு எழுதியவன் நான், ஒன்றும் வாயில் வரவில்லை. அரிசி டின்தான் கண்முன் வந்தது. சும்மாதான், இன்னொரு நாள் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி, டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். வழியெல்லாம் என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும்போது ஐந்து ஆகப் பத்து நிமிஷம். அவள் என் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தொன்பது என்றே அனுப்பிவிட்டிருந்தாள். கணக்கு அனுப்புவதற்கும் அதே பதினான்கு படிதான். காலண்டர் தாள் பையில் மடித்தபடி இருந்தது. அன்றைக்குத்தான் தாளைப் பார்க்காமல், ஒரு தப்பும் விடாமல் பதினான்கு படியும் ஏறியிருக்கிறாள்.

பத்தாம் நாள் ரத்துக் கடிதம் வந்தது. அலுவலகம் கொடுத்த போனைச் சார்ஜரோடும், துணிப்பைகளைத் துவைத்து மடித்தும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். லலிதாம்பாள் தினம் எனக்குப் போன் செய்து, செண்பகம் ஏன் வரவில்லை என்று கேட்கிறாள். சுமந்திடமிருந்து போன் வந்து இரண்டு வாரமாகிறதாம்.

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் வந்தாள். கையை வீசிக்கொண்டு, பை இல்லாமல். அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. நேரே கடைசி அலமாரிக்குப் போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல்.

"என் பேர் அதுல கிடக்குல்லோ சாரே. அதுல எழுதிக்கோங்க."

செயலி இப்போது என் பொறுப்பு. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒன்றைத் தொட்டேன், மூன்று போய்விட்டது. அவள் எதிரே நின்று, மேலே, இடது பக்கம், இப்ப அமுக்குங்க என்று ஒவ்வொரு படியாகச் சொன்னாள். அவளுடைய சொந்த போன் மணியடித்தது. ஆறு எண்ணையும் வாசித்தாள். நான் தப்பாக அடித்தேன்.

"மெல்ல சாரே. ரெண்டாவது பூஜ்யம்."

புத்தகம் அவள் பெயரில் ஏறியது. இனி ஊழியர் இல்லையாதலால் அவளும் எண்ணிக்கையில் வந்துவிட்டாள். திரையின் மூலையில் 'வாசகர்கள்: 40' என்று காட்டியது. திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவள் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை.

"எத்தனை நாள் வச்சுக்கலாம்?" என்று கேட்டாள், பதினெட்டு வருடம் எல்லோருக்கும் அதைச் சொன்னவள்.

"பதினாலு நாள்."

"பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருக்கு சாரே. நாலஞ்சு தடவை வரவேண்டியிருக்கும்."

வாங்கோ என்றேன். புத்தகத்தைச் சேலைத் தலைப்பில் மூடி, இறங்கிய தோளோடு பழவங்காடிப் பக்கம் நடந்தாள். ஓட்டல் மூடும்வரை உச்சிமாகாளி வீட்டுக்கு வரமாட்டான்.