பதினேழாம் பக்கத்து வட்டம்

அந்தப் புத்தகங்களில் பெருங்காய வாசனை அடிக்கும். பழைய தாளின் புழுக்க நெடியும், யார் யாரோ தலைக்குத் தேய்த்த எண்ணெய் விரல்வழியே ஏறிய பிசுக்கும் வாடகை நூலகத்து நாவல்களுக்கு இயல்புதான். பெருங்காயம் எங்கிருந்து வந்தது என்று நான் ஒருமுறையாவது யோசித்திருந்தால், அந்தக் கோடை முழுவதும் அப்படிப் பயந்து செத்திருக்க வேண்டாம்.

இளமைக்காலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், என் இளமையில் பள்ளிக்கூடத்தையும் மழையில்லாத வருடங்களையும் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. ஆகவே என் மகள் வடிவின் இளமையில் ஒரு கோடையை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் எனக்கு மேற்பார்வை வேலை. கட்டுக்கு ஒரு பெட்டியைப் பிரித்துக் குச்சிகளை எண்ண வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் எண்ணுவது நிற்காது. மாடிப்படி பதினான்கு, தண்ணீர்க்குடம் ஒன்பது, ஜன்னல் கம்பி இருபத்தொன்று.

வடிவு பிளஸ் டூ முடித்து, திருநெல்வேலியில் கல்லூரியில் சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அவள் பையில் மூன்று நாவல்கள் அகப்பட்டன, இரண்டு காதல், ஒன்று கொலை. மூன்று அட்டையிலும் ஒரு பெண் யாரையோ திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியூர்க் கல்லூரி, விடுதி, இந்தக் கதைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும்? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். இந்தப் புத்தகங்களுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட முடிவு செய்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து வாடகை நூலகத்தில் நானே எடுத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து, மொட்டை மாடித் தண்ணீர்த்தொட்டியின் நிழலில் உட்கார்ந்து படித்தேன். மொத்தம் நாற்பத்து மூன்று.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கொலைக் கதைகள் இருபதில் பதினொன்றில் கொலைகாரன் மிக மரியாதையாகப் பேசுகிறவன். மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது, ஆனாலும் கீழே வைக்க முடிவதில்லை. துப்பறிகிறவர் எந்நேரமும் காபி குடிக்கிறார், ஒருநாளும் சாப்பிடுவதில்லை. காதல் கதைகளில் கதாநாயகன் உயரமாக இருக்கிறான், கம்பெனி நடத்துகிறான், முதல் நாற்பது பக்கம் காரணமில்லாமல் கோபப்படுகிறான். கதாநாயகி அழுகிறாள், குளித்துவிட்டு வருகிறாள், மறுபடி அழுகிறாள். இருபத்து மூன்று கதாநாயகிகளில் ஒருத்திகூடக் குடத்தோடு வரிசையில் நின்றதில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊரில் இருந்துகொண்டு இதை எப்படி நம்புவது? ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினெட்டாவது நாவலின் கடைசி அத்தியாயத்தில் எனக்கும் கண் கலங்கியது. அதனால் பயம் கூடியது. எனக்கே இப்படியென்றால் பதினேழு வயதுப் பிள்ளைக்கு?

அதற்குப் பிறகுதான் அந்த அடையாளங்களைப் பார்த்தேன். வடிவு படித்துத் திருப்பிய புத்தகங்களில் எல்லாம் பதினேழாம் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு சரிக்குறி. அது அவளுடையது, எனக்குத் தெரியும். அதை ஒட்டி ஒரு சிறு வட்டம். அது யாருடையது? நூலகத்து அண்ணாச்சியிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"எல்லா அட்டையும் ஒண்ணுபோல, எல்லாக் கதையும் ஒண்ணுபோல. படிச்சதா படிக்காததான்னு எப்படித் தெரியும்? அதான் அவங்கவங்க ஒரு பக்கத்துல ஒரு அடையாளம் போட்டு வச்சிருதாங்க. ஒருத்தர் பக்கத்துக்கு இன்னொருத்தர் வரமாட்டாங்க."

"வந்தா?"

"வந்தா ரெண்டு பேரும் பேசி வச்சிருக்காங்கன்னு அர்த்தம்" என்று சொல்லிச் சிரித்தார்.

அங்கேயே அலமாரியில் ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணினேன். முப்பத்தெட்டுப் புத்தகங்களில் சரிக்குறியும் வட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எவனோ ஒருவன் என் மகள் படித்த ஒவ்வொரு புத்தகத்தையும் படிக்கிறான். குளத்தூரில் இருக்கும் என் தங்கைக்குக் கடிதம் எழுதினேன்: "வடிவை உன் மகனுக்கே தருகிறேன். ஆவணியில் முடித்துவிடலாம். படித்தது போதும்." அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். விண்ணப்பத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

ஆள் யாரென்று பார்த்துவிட்டுக் கடிதத்தைப் போடலாம் என்று, ஞாயிற்றுக்கிழமை, அன்றுதான் கடைக்கு வந்த, யார் கையும் படாத ஒரு கொலை நாவலை எடுத்துவந்து டிவி மேல் வைத்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். வடிவு எடுத்தாள், படித்தாள், மதியம் திரும்ப வைத்துவிட்டுத் தூங்கிப்போனாள். மூன்று மணிக்குப் பார்த்தேன். சரிக்குறி இருந்தது, வட்டம் இல்லை. நான்கு மணிக்குப் புத்தகமே இல்லை.

வாசலைத் தாண்டி ஒரு ஈ வரவில்லை. கட்டிலுக்கடியில் பார்த்தேன், மாடிக்கு ஏறிப் பார்த்தேன். வீட்டில் இருந்தவர்களை எண்ணினேன். நான் ஒன்று, வடிவு இரண்டு. அவ்வளவுதான். அப்படியானால் அவன் உள்ளே வந்துவிட்டான். பின்கதவுத் தாழ்ப்பாளைப் பார்க்க அடுக்களைக்குப் போனேன்.

அங்கே என் மனைவி முத்துலட்சுமி, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. மடியில் புத்தகம். பக்கத்தில் திறந்திருந்த பெருங்காய டப்பாவுக்குள் ஒரு துண்டுப் பென்சில்.

"வட்டம் போடுதது நீயா?"

"ஆமா. கொன்னது மேனேஜரான்னு சொல்லிராதீங்க, இன்னும் பாதி கெடக்கு."

"நீ கதையெல்லாம் படிப்பியா?"

"கல்யாணம் முடிஞ்சு இருபது வருசமாச்சு. இப்பதான் கேக்கீங்க." ஒரு பக்கத்தைத் திருப்பினாள். "எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கேன்னு பொண்ணு பாக்க வந்தன்னைக்கே எங்கப்பா சொன்னாங்களே."

சத்தம் கேட்டு எழுந்துவந்த வடிவு பின்னால் நின்று சிரித்தாள். "அப்பா, தண்ணித்தொட்டிப் பக்கம் உக்காந்து படிக்கீங்களே, நீங்க எந்தப் பக்கத்துல அடையாளம் போடுதீங்க?"

நான் ஒளிந்து படிப்பது இருவருக்கும் முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது. நான் அசட்டுத்தனமாக நிற்க, முத்துலட்சுமியின் பார்வை என் சட்டைப்பையில் வியர்வையில் நனைந்திருந்த கடிதத்துக்குப் போனது. கையை நீட்டினாள். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. நின்றபடியே படித்தாள், முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். சிரித்துக்கொண்டிருந்த முகம் வெளுத்துவிட்டது. இத்தனை நாளாகப் பயப்படுகிறவன் நான் ஒருவன் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

"இதுல முடிவு சரியில்லங்க" என்றாள், மெதுவாக. சாம்பாரை இறக்கிவைத்துவிட்டு, கடிதத்தை அடுப்புத் தீயில் காட்டினாள். பிறகு வடிவிடம், "ஏட்டி, அந்தக் காலேஜ் ஃபாரத்த எடுத்துட்டு வா, அப்பா கையெழுத்துப் போடுவாங்க" என்றாள். வடிவுக்கு அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

வாடகை நூலகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. வடிவு புனேயில் கல்லூரி ஆசிரியை. முத்துலட்சுமி போய் நான்கு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. கடையை மூடியபோது அண்ணாச்சி என் கையில் திணித்த அந்தக் கொலை நாவல் மட்டும் என்னிடம் இருக்கிறது. பதினேழாம் பக்கத்தில் சரிக்குறி, வட்டம், கீழே நான் போட்ட ஒரு சிறு கோடு.

பெருங்காய வாசனை போய்விட்டது. பென்சில் கோடு என்பதால் வட்டமும் ஒரு பக்கம் தேய்ந்துகொண்டே வருகிறது. ஒவ்வொரு முறையும் பயந்து பயந்துதான் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன். மேலேயே ஒருமுறை வரைந்துவிடலாம், பென்சில் கையில்தான் இருக்கிறது. ஆனால் வரைந்தால் அது நான் போட்ட வட்டமாகிவிடும்.